கத்திரி வெயிலும் பொறிவண்டும்

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தோழர்கள் பலரின் உற்றார் உறவினர் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்கிறார்கள். தட்டைப்பயறுச் செடியில் அசுவினி மொய்க்கும்போது அதைத் தின்று திரியும் பொறிவண்டை அவர்கள் நன்றாக அறிவார்கள். கூலி கேட்காத இந்த வேலையாளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பொறிவண்டின் வாழ்வை நடத்துவது உஷ்ணம். 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால், நம் வயல்களில் காணும் வண்டு முட்டையிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். 20 டிகிரிக்கு இறங்கினால் அதற்கு இரு மடங்கு நாள் பிடிக்கும். அப்படியானால் வெயில் ஏற ஏற வண்டும் பெருகுமா? பெருகாது. பாய்லர் தோழர்களுக்கு இது புரியும். நீராவி ஏறினால் ஆலை ஓடும். அளவு மீறினால் பாய்லரே வெடிக்கும். 35 டிகிரியைத் தாண்டிய உஷ்ணம் நாள் கணக்கில் நீடித்தால் முட்டைகள் கெடுகின்றன, புழுக்கள் சாகின்றன, தப்பிய வண்டும் குறைவாகவே முட்டையிடுகிறது.

அசுவினிக்கும் இந்த வெயில் ஆகாதுதான். ஆனால் அது ஜோடி சேராமலே குட்டி போடும். வெயில் தணிந்ததும் முதலில் தலை தூக்குவது அதுதான். அந்த நேரம் பார்த்து வயலில் விஷ மருந்தைத் தெளித்தால், வெயிலுக்குத் தப்பிய வண்டும் மடிகிறது. பிறகு அசுவினியைக் கேட்பார் யார்?

இது வெறும் பேச்சல்ல. 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன ஒரு பொறிவண்டு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சியிடமிருந்து காப்பாற்றியது. அதே இன வண்டுதான் பின்னர் நமது நீலகிரியில் சீகை மரங்களைக் காக்க வரவழைக்கப்பட்டது. 1940-களில் கலிபோர்னியாத் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தார்கள். வண்டு அழிந்தது; ஒடுங்கிக் கிடந்த செதில் பூச்சி திரும்பி வந்தது!

மருந்து விற்றவனுக்கு லாபம். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, கொளுத்தும் வெயிலில் முகமூடியின்றி விஷக் காற்றைச் சுவாசிக்கும் கூலியாளுக்கு என்ன மிச்சம்? 2024-ல் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வயல் வரப்பிலும் அமலாக வேண்டாமா?

செடியைப் புரட்டிப் பார்த்து, வண்டும் புழுவும் இருந்தால் மருந்தை நிறுத்துங்கள். விவசாய இலாகா பொறிவண்டை வளர்த்து ஏழை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். மருந்து தெளிப்பவருக்கு முகமூடியும் கையுறையும், உச்சி வெயிலில் ஓய்வும் வேண்டும். வண்டுக்கு வெயிலில் ஓர் எல்லை உண்டென்றால், மனிதனுக்கும் உண்டு என்று கூறுகிறோம்.