நெருப்பில் பிறந்த கல்லும் நீர் தரும்



ஒகேனக்கல் என்ற பெயரைக் கேட்டிராதவர் நம் தஞ்சைத் தரணியில் இருக்க மாட்டார்கள். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. காவிரி விழுந்து சிதறும்போது எழும் நீர்த்திவலைகள் புகைமண்டலம்போல் தோன்றுவதால் அமைந்த பெயர் அது. அந்தப் புகைக்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் அங்குள்ள பாறைக்கு உண்டு. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மேலெழுந்து இறுகியதால் உண்டான 'கார்பனடைட்' என்னும் அரிய கல், அங்கே பிற பாறைகளை ஊடுருவிக் கிடக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என நிலவியலார் கணித்துள்ளனர். ஸுப்ஹானல்லாஹ்!

அப்பாறைகளைக் கடந்த நீரே, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, கல்லணை வழியாக நம் வயல்களுக்கு வருகிறது. கற்களிலும் ஆறுகள் பீறிட்டோடுபவை உண்டென நினைவூட்டும் அருள்மறையின் அல்பகரா அத்தியாயம் 74ஆம் வசனம், கல்லினும் கடினமாகிவிட்ட உள்ளங்களையே கண்டிக்கிறது.

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் 'ஹர்ரா' எனப்படும் கருங்கற்பரப்புகள் உள்ளன. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை அவை. ஹிஜ்ரி 654இல் (கி.பி. 1256) அந்நகருக்கு அருகே எரிமலை வெடித்ததை வரலாறு கூறும். அந்த ஹர்ராவிலிருந்து பேரீச்சந்தோட்டங்களுக்கு இறங்கிவரும் வாய்க்கால் நீர் குறித்து, ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. தமக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டைத் தோட்டத்தாருக்கு நீரை விட்டுவிடுமாறு ஸுபைரிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அத்தீர்ப்பை ஏற்காமல் அந்த அன்ஸாரி சினந்த பிறகே, ஸுபைருக்குரிய முழு உரிமையையும் வழங்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

மேல்தோட்டத்தாருக்கு முதல் உரிமை உண்டு. ஆயினும் அந்த உரிமையைக் கடைசித் துளிவரை அளந்து பெறுமுன் அண்டையாரை நினைக்க வேண்டும் என்பதன்றோ முதல் தீர்ப்பு!

தலைமடையில் இருக்கும் சகோதரரே! முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், உங்கள் வயல் நிறைந்த பின்னும் மடை திறந்தே கிடக்கிறதா? பேராவூரணிப் பக்கம் கடைமடையில் ஒருவர் வெடித்த நாற்றங்காலைப் பார்த்து நின்றால், அவர் எந்தச் சமயத்தவராயினும் உங்கள் அண்டையாரே. தெருக்குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீட்டாருக்கும் இதே கேள்வி உண்டு.

நெருப்பில் பிறந்த கல் நீருக்கு வழிவிடுகிறது. மண்ணில் பிறந்த நாம் மறிக்கலாமா? சிந்திப்போமாக! வல்ல நாயன் நம் உள்ளங்களை இளகச் செய்வானாக! ஆமீன்.