‘சூப்பர்’ போதும் சாமி!

தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த காவடிப் படத்தை நண்பர்கள் குழுவில் போட்டேன். ‘சூப்பர்’, ‘செம’ என்று குவிந்தன. கல்யாணப் படங்கள் எடுக்கும் அண்ணன் ஒருவர் மட்டும், "சாயந்திரம் மாமாக் கடைக்கு வாம்மா" என்றார்.

தே தாரிக் வருவதற்குள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "272 படியும் துல்லியமா இருக்கு, காவடி எடுத்தவர் முகம்தான் கலங்கியிருக்கு. ஆடுறவரை 1/60 வேகத்துல எடுத்தா அப்படித்தான். 1/250 வை. அப்புறம், அவர் தலையில விளக்குக் கம்பம் முளைச்சிருக்கு பாரு!"

வானொலியில் என் ழகரம் சறுக்கினால் நேயர்கள் உடனே அழைத்துச் சொல்வார்கள், அது பழகிவிட்டது. ஆசைக்குச் செய்வதில் குறை சொன்னால்தான் வலிக்கிறது. அண்ணனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேமராவைத் தொட்டதும் கை தானாக 1/250க்குப் போனது.

இந்த வாரம் ஒரு தம்பி, தன் அம்மாவை எடுத்த படத்தை அனுப்பி, "எப்படிக்கா?" என்றான். ‘சூப்பர்’ என்று தட்டிவிட்டு, அழித்தேன். "பின்னால் சன்னல் வெளிச்சம், அம்மா முகம் இருண்டுவிட்டது. சன்னலைப் பார்த்து உட்காரச் சொல். ஆனா, அந்தச் சிரிப்பைச் சரியான நொடியில் பிடிச்சிருக்கே" என்று எழுதினேன்.

நீல டிக் விழுந்துவிட்டது. இன்றோடு நாலு நாள்.