சும்மா ஒரு விமானம்

"பையனுக்கா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மகன் இல்லை.

பதினெட்டு ஆண்டுகளாகப் பெண்ணியத் திறனாய்வை வகுப்பில் நடத்துகிறவள் நான். மேடைகளில் குரல் நடுங்காமல் கவிதை வாசிக்கிறவள். ஒரு பிளாஸ்டிக் விமானப் பெட்டியை வாங்குகிற இடத்தில் இல்லாத மகனை உண்டாக்கி அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆட்டோ ஏறிய பிறகுதான் வெட்கம் வந்தது. அந்தப் பொய் எங்கிருந்து அவ்வளவு சுலபமாக நாக்குக்கு வந்தது என்று யோசிக்கத் தொடங்கியதில் எழுதியது இது.

பெட்டியில் இருந்தது மிக்-21. இந்திய விமானப்படைக்கு 1963இல் வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற ஜெட் விமானத்தின் சிறு வடிவம், 1:72 அளவில். இறக்கையின் முனைக்கு முனை பத்து சென்டிமீட்டர்தான் வரும். சட்டங்களில் கோத்த சாம்பல் நிறத் துண்டுகளை நகவெட்டி போன்ற ஒரு கட்டரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்துக் காம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உடலின் இரு பாதிகளையும் பொருத்தி, இணைப்பில் தூரிகையால் பசையைத் தொட்டால் அது இடுக்கு வழியே தானாக ஓடும். பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று உருக வைக்கும். காயும்வரை பிடித்திருக்கத் துணி கிளிப் நான்கு. கண்ணாடி மூடியை மட்டும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடக் கூடாது, அதன் ஆவி பட்டால் பனி படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். இதை ஒரு மூடியைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன். அதற்கு நம் ஃபெவிகால் போதும்.

நான் தேர்ந்தெடுத்தது பழைய வெள்ளி நிறத் தோற்றம். தொடக்கக்காரர்கள் தொடக் கூடாத நிறம் அது என்று பிறகு தெரிந்தது. பச்சையும் பழுப்பும் பூசினால் குறைகள் மறையும். வெள்ளியோ ஒரு கீறலை, ஒரு விரல் ரேகையைக்கூட ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். முதலில் பளபளப்பான கறுப்பு, அதன்மேல் வெள்ளியை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருப்பு. முதுகெலும்புபோல ஓடும் அந்த இணைப்புக் கோட்டைத் தேய்த்து மறைக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

எல்லாம் முடித்துச் சக்கரங்களில் நிறுத்தினால் விமானம் வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தது. மூக்குக் கூம்புக்குள் எடை வைக்கச் சொல்லியிருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

அதை அப்படியே அலமாரியில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எதுக்கு? நாத்தனார் கொஞ்சம் விரிவாகவே கேட்டாள். "இந்த நேரத்துக்குப் பாப்பாவுக்கு ரெண்டு சுடிதார் தைச்சிருக்கலாமே அண்ணி." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கை நன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் சொன்னாள். பெண்ணின் கை நன்றாக இருந்தால் அது யாருக்காவது பயன்பட வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லித்தரப்பட்டது. எனக்கும்தான். தையல், பின்னல், கோலம், வடாம், ஊறுகாய், பூக்கட்டுதல் என்று பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட 'பொழுதுபோக்கு'களின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றின் மறுமுனையிலும் உடுத்தவோ உண்ணவோ கும்பிடவோ ஒருவர் காத்திருக்கிறார். ஆணின் தபால்தலைக்கும் மீன்தொட்டிக்கும் கிரிக்கெட்டுக்கும் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. அவற்றிடம் 'எதுக்கு' என்று யாரும் கேட்பதும் இல்லை.

தமிழில் 'சும்மா' என்று ஒரு சொல் இருக்கிறது. சித்தர்களும் ஞானிகளும் தவமிருந்து தேடிய நிலை அது. அதே சொல்லை நாம் வேறெங்கே பயன்படுத்துகிறோம்? "வேலைக்கெல்லாம் போகல, வீட்டுல சும்மாதான் இருக்கா." விடிவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்து இரவு கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிறவளுக்கு இந்தச் சமூகம் தரும் பதவிப் பெயர் சும்மா. தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள், 2024இல் 289. ஆண்கள் 97, பிறகு 88. ஐந்தாண்டில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழ்வதற்குள், அவர்கள் ஒன்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஐந்து மணி நேரம் உழைப்பவளைச் சும்மா இருப்பதாகச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே ஒரு மணி நேரம் அவள் சும்மா இருந்தால் கண்டனக் கூட்டம் போடுகிறோம். எனக்கு வேண்டியது அந்தச் சும்மா. பயனற்ற, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத, இரண்டு மணி நேரம் தேய்த்துவிட்டு 'நாளைக்கும் தேய்க்கணும்' என்று எழுந்துபோகிற சும்மா.

இங்கே நானே மாட்டிக்கொண்ட இடத்தையும் சொல்ல வேண்டும். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டாவது விமானத்துக்குச் சின்னங்கள் ஒட்டிக்கொண்டிருந்தேன். காவி, வெள்ளை, பச்சை வட்டங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, மடங்காமல் கிழியாமல் இடத்தில் அமர்த்த வேண்டும். எனக்கு ஒன்று கிழிந்தது. "நான் பண்ணட்டுமா மேம்?" என்று கேட்டவள், பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்தாள். வாலில் இருந்த, எறும்பளவு எண்கள் உட்பட. "உனக்குப் பிறவியிலேயே கை நல்லா அமைஞ்சிருக்குடி" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிறவியெல்லாம் இல்ல மேம். ஏழு வயசுலருந்து அம்மாகூட உக்காந்து தீப்பெட்டி லேபிள் ஒட்டியிருக்கேன்."

1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் சேர்ந்து எழுதிய கட்டுரையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். உலகச் சந்தைக்கான தொழிற்சாலைகள் பெண்களின் 'நுண்விரல்'களை இயற்கையின் கொடை என்று சொல்கின்றன. உண்மையில் அது தாய்மார்களிடமும் வீட்டிலும் பெற்ற பயிற்சி. பயிற்சி என்று ஒப்புக்கொண்டால் கூலி தர வேண்டும், இயற்கை என்றால் தர வேண்டாம். நடத்தியவள் நான்தான். என் வீட்டு மேசையில், என் வாயாலேயே, அந்தத் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். அதே விரல்கள் ஒரு ஆணுக்கு இருந்து, அவன் ஓய்வறையில் விளக்கைத் தாழ்த்தி உருப்பெருக்கி வைத்து இந்த வட்டங்களை ஒட்டினால் அதற்குப் பெயர் கலை, பொறுமை, நுட்பம். கண்காட்சியில் பதக்கம்கூட உண்டு. ஸ்ரீபெரும்புதூர்க் கைபேசிப் பட்டறையிலும் சாத்தூர்த் தீப்பெட்டிக் கொட்டகையிலும் பெண்கள் செய்தால் அது வெறும் விரல்.

இந்தப் பொம்மைகளின் அளவிலேயே ஒரு கதை இருக்கிறது. 1:72 என்றால் ஆறு அடிக்கு ஒரு அங்குலம். ஆறடி ஆண் ஒருவன் நின்றால் சரியாக ஓர் அங்குலம். பெட்டியில் வந்த விமானி பொம்மையை அதில் வைத்துப் பார்த்தேன். மெத்தென்று பொருந்தினான். பொருந்தத்தானே செய்வான், நிஜ விமானங்களும் அவனை வைத்தே அளக்கப்பட்டவை. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. அத்தனை பேரும் ஆண்கள். பத்து அளவுகளிலும் 'சராசரி'யாக இருப்பவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் கணக்கிட்டபோது ஒருவர்கூடத் தேறவில்லை. ஆணுக்கே பொருந்தாத அந்த ஆணைத்தான் பெண்ணுக்கும் அளவாக வைத்திருந்தார்கள். (பிரிட்டனில் இந்த வகைப் பெட்டிகளைப் பரவலாக்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், அதற்கு முன் சீப்பு வார்த்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல். தலைவாரும் சீப்பு செய்த ஆலையிலிருந்து பையன்களின் விமானம் வந்தது.)

பெண்களுக்கு இந்த விமானம் முடியாது என்று நினைத்தார்களா? அதுவும் இல்லை. 1965இலேயே சோவியத் விமானி நடால்யா புரொகானவா இரட்டை இருக்கை மிக்-21 ஒன்றை 24,336 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் சாதனை படைத்துவிட்டார். அதே குடும்பத்து விமானத்தில் அவனி சதுர்வேதி தனியாகப் பறந்தது 2018 பிப்ரவரியில். போர் விமானி ஆன முதல் இந்தியப் பெண்கள் மூவரில் ஒருவர் அவர். இடையில் 53 ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க 'பெண் உடல் தாங்காது' என்று சொல்லிவிட்டு, பிறகு அதே பெண்களின் படத்தைச் சுவரொட்டியில் போட்டுப் பெண்சக்தி என்று கொண்டாடுகிறவர்களிடம் நான் கைதட்டலை எதிர்பார்க்க மாட்டேன், தரவும் மாட்டேன்.

தமிழுக்குப் பெண் விமானி புதிதும் அல்ல. சீவக சிந்தாமணியின் விசயை மயிற்பொறியை இயக்கக் கற்றவள். வலப்புறம் திருகினால் எழும், இடப்புறம் திருகினால் இறங்கும். கட்டியங்காரன் சூழ்ந்தபோது நிறைமாதக் கர்ப்பத்தோடு அதில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவிகளின் கண்கள் விரியும். எனக்கும் ஒரு காலத்தில் விரிந்தது. இப்போது ஒரு சந்தேகம் வருகிறது: வயிற்றில் வாரிசு இல்லையென்றால் சச்சந்தன் அந்தப் பொறியைச் செய்வித்திருப்பானா? அவள் சும்மா ஒரு மாலைப்பொழுதில், காற்று வாங்க, நகரத்தைச் சுற்றிப் பறந்திருக்க முடியுமா? பயிற்சிக்குப் பறந்த நாட்களில் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எழுத ஆசை.

தோழிகள் சிலர் வேறு பக்கத்திலிருந்து அடிக்கிறார்கள். கொல்லும் கருவியைக் கொஞ்சுவதற்கா பெண்ணியம்? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க முடியாது. வன்னியில் பிறந்து இப்போது சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தியை ஒருமுறை அந்தக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு பெட்டியின் மேல் கிபிர் விமானத்தின் படம். இலங்கை விமானப்படை 1996இல் இஸ்ரேலிடமிருந்து வாங்கிய வகை. அவளுக்கு அது விமானத்தின் பெயர்கூட இல்லை, ஒரு சத்தத்தின் பெயர். "இதையும் விக்கிறாங்களோ அக்கா?" என்றாள். "இந்தச் சத்தம் கேட்டா அம்மா அடுப்பை அணைச்சுப்போட்டு எங்களைப் பங்கருக்குள்ள தள்ளுவா." பெட்டிக்குள் குண்டுகள் உண்டு, இறக்கையில் மாட்ட. கீழே அந்த அடுப்பு கிடையாது, அதற்கு எந்த நிறுவனமும் 1:72இல் அச்சு வார்க்கவில்லை.

அன்று நான் எதுவும் வாங்கவில்லை. கிபிரை என்றைக்கும் செய்ய மாட்டேன். என் மிக்-21இன் ஏவுகணைகளையும் சட்டத்திலிருந்து வெட்டாமலே விட்டிருக்கிறேன். அதனால் அது புறா ஆகிவிடாது என்று தெரியும். அதன் அழகு கொல்வதற்காக உருவான அழகு. அதை ரசித்துவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வில்லையும் வேலையும் பாடிய கவிதைகளை முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். விமானத்திடம் மட்டும் ஏன்?

போன மாதம் மூன்றாவது பெட்டிக்காக மறுபடி போனேன். அதே கடைக்காரர். "சாருக்கு கிஃப்ட்டா மேடம்?"

"இல்ல. எனக்கு."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இது கொஞ்சம் கஷ்டமான கிட் மேடம்."

"தெரியும். மூக்குல வைக்க ஈயக் குண்டு இருக்கா?"

இல்லையாம். தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஐம்பது கிராம் வாங்கினேன். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.