சிரிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமா?

வாள், மந்திரம், டிராகன், பூதம் எல்லாம் இருக்கும் ஒரு கற்பனை உலகம். அதில் ஒரு விடுதிக்குள் நுழைகிறீர்கள். பகட்டாக உடுத்திய ஒரு பெண் அங்கே உட்கார்ந்துகொண்டு பை விற்கிறாள். பெயர் ஹாரிஸ் பில்டன். பையின் விலை 1,200 தங்கக் காசு. 2007-ல் வந்த 'பர்னிங் க்ரூஸேட்' காலத்தில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாடியவர்களுக்கு இந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும். அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டனின் பெயரில் முதல் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சிரித்தார்கள். இன்றைக்கு ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் காட்டினால், "யார் இவங்க?" என்று கேட்பான். ஜோக் காலாவதி ஆகிவிட்டது.

கற்பனை உலக வீடியோ கேம்களில் இப்படிப்பட்ட வசனங்கள் ஏராளம். சினிமா, டிவி, விளம்பரம், வேறொரு கேம் என்று எதையாவது கிண்டலாகக் குறிப்பிட்டுவிட்டுப் போவார்கள். தெரிந்தவன் சிரிப்பான். தெரியாதவன் முழிப்பான். கதையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் இது வெளியே இழுத்துவிடுகிறது என்று ஒரு சாரார் இதைக் குறை சொல்கிறார்கள். கேம் என்றால் ஜாலியாகத்தானே இருக்க வேண்டும் என்கிறது இன்னொரு சாரார். என் கேள்வி வேறு. அந்த ஜோக் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது?

பாம்பு இல்லை, காமெடி

நான் ஜெர்மனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஊரில் பொறியியல் படித்தபோது ஹாஸ்டலில் நாங்கள் ராத்திரி முழுக்க விளையாடியது 2002-ல் வந்த 'வார்கிராஃப்ட் 3'. அதில் விறகு வெட்டும் குடியானவனை மவுஸால் திரும்பத் திரும்பக் கிளிக் செய்தால் கடுப்பாகி ஏதாவது சொல்லுவான். அப்படி ஒரு தடவை, 'நீ ராஜாவா? நான் உனக்கு ஓட்டுப் போடலையே' என்கிற மாதிரி ஒன்று சொன்னான். அறையே சிரித்தது.

அது 1975-ல் வந்த 'மான்டி பைதான் அண்ட் த ஹோலி கிரெயில்' என்ற பிரிட்டிஷ் படத்திலிருந்து எடுத்தது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மான்டி பைதான் என்ற பெயரையே கேட்டதில்லை. ஆனாலும் சிரித்தோம். முடியாட்சியில் ஒரு விவசாயி ஓட்டைப் பற்றிப் பேசினால், அது எந்த ஊர்க்காரனுக்கும் சிரிப்புதான்.

பிறகு வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அந்த மான்டி பைதான் எங்கெல்லாம் இருக்கிறது என்று புரிந்தது. பைதான் புரோகிராமிங் மொழிக்கு அந்தப் பெயர் பாம்பை வைத்து வரவில்லை. அதை உருவாக்கிய கிடோ வான் ராசம், 'மான்டி பைதான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற பிபிசி காமெடி தொடரை மனதில் வைத்துத்தான் பெயர் சூட்டினார். நம் இன்பாக்ஸில் வந்து குவியும் வேண்டாத மெயிலுக்கு 'ஸ்பேம்' என்று பெயர் வந்ததும் அதே தொடரில் 1970-ல் வந்த ஒரு காட்சியால்தான்.

அதாவது, நாம் சோறு சாப்பிடும் இந்தத் தொழிலே யாரோ சிலர் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்த ஜோக்குகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. மீட்டிங்கில் ஒருத்தர் அரை வரி சொல்வார். எட்டுப் பேர் சிரிப்பார்கள். வியட்நாமிலிருந்து வந்தவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் சம்பளம், விசா, குடியுரிமை எல்லாம் கிடைத்த பிறகும் கிடைக்காத ஒன்று உண்டென்றால், அது இந்தச் சிரிப்பு. வெளிநாட்டில் வாழும் தமிழர் பலருக்கும் இது தெரியும்.

சரி, நாம் மட்டும் யோக்கியமா? 2019 மே மாதம் காண்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்தது ஞாபகம் இருக்கிறதா? சிவில் இன்ஜினியரிங் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் விழுந்த சுத்தியலைப் பற்றிப் பதில் போட்டார். அது உலக அளவில் டிரெண்ட் ஆனது. அன்றைக்கு 'யாருய்யா அந்த நேசமணி?' என்று முழித்தவர்கள் மற்றவர்கள். நாம் உள்ளே இருந்தோம். உள்ளே இருப்பது எவ்வளவு சுகம் என்று நமக்கும் தெரியும்.

எந்த ஜோக் சாகிறது?

1990-களில் 'லூனார்' என்ற ஜப்பானிய ஃபேன்டஸி கேம்களை 'வொர்க்கிங் டிசைன்ஸ்' என்ற நிறுவனம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், அன்றைய அமெரிக்க விளம்பரம், அரசியல் என்று கண்டதையும் வசனத்தில் சேர்த்தார்கள். அந்த ஊரில், அந்த வருஷத்தில் டிவி பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு, மந்திர உலகத்தின் ஒரு கிராமத்துவாசி திடீரென்று சம்பந்தமில்லாமல் உளறுகிற மாதிரி இருக்கும்.

1998-ல் வந்த 'ஃபால்அவுட் 2' மாயாஜாலக் கதை இல்லை, அணுப்போருக்குப் பிந்தைய உலகம். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது நல்ல உதாரணம். சினிமா, டிவி ஜோக்குகளை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று ரசிகர்களே குறைப்பட்டார்கள். அந்த வரிசையில் 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' இதற்கு ஒரு இன்ஜினியர் மூளைத் தீர்வு கண்டுபிடித்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் 'வைல்ட் வேஸ்ட்லேண்ட்' என்று ஒரு தேர்வு வைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாதிரி கிண்டல்கள் வரும், இல்லையென்றால் வராது. எங்கள் பாஷையில் சொன்னால் ஃபீச்சர் ஃபிளாக்.

நேர்மையான தீர்வுதான். ஆனால் ஒரு ஜோக்கைக் கழற்றி எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது கதையோடு சேரவே இல்லை, மேலே ஒட்டிவைத்த ஸ்டிக்கர் என்றுதானே அர்த்தம்?

எது வாழ்கிறது?

போலந்து நாட்டு நிறுவனமான சிடி புராஜெக்ட் ரெட் 2015-ல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கேமுக்கு 2016-ல் 'பிளட் அண்ட் வைன்' என்ற தொடர்ச்சி வந்தது. அதில் ஒரு காட்சி. ஊரில் உள்ள அரக்கர்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கும் நாயகன் கெரால்ட், தன் பணத்தை எடுக்க ஒரு வங்கிக்குப் போகிறான். பதிவேட்டின்படி அவன் செத்துப்போனவன். உயிரோடு எதிரில் நின்றாலும் நம்ப மாட்டார்கள். இந்தக் கவுன்ட்டருக்குப் போ, அந்தக் கவுன்ட்டருக்குப் போ, அந்தப் படிவம் வேண்டும், ஏ38 என்ற அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அலைக்கழிக்கிறார்கள். கத்தி இருந்தும் பயனில்லை.

இந்த ஏ38, 1976-ல் வந்த 'தி டுவெல்வ் டாஸ்க்ஸ் ஆஃப் ஆஸ்டெரிக்ஸ்' என்ற பிரெஞ்சு கார்ட்டூன் படத்திலிருந்து வந்தது. அதில் ஆஸ்டெரிக்ஸும் ஓபெலிக்ஸும் இதே சீட்டுக்காக ஒரு பைத்தியக்கார அரசு அலுவலகத்தில் மாடி ஏறி இறங்கி நொந்துபோவார்கள். ஜெர்மனியில் இது பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. அரசு அலுவலகத்தில் இழுத்தடிக்கிறார்கள் என்று நீங்கள் புலம்பினால், ஜெர்மன்காரர் சிரித்துக்கொண்டே "பாஸியர்ஷைன் ஏ38" என்பார்.

ஆனால் பாருங்கள், ஆஸ்டெரிக்ஸ் பெயரே கேள்விப்படாதவர்களுக்கும் இந்தக் காட்சி புரியும். வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸில் ஒருநாள் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுத்தால்தான் பென்ஷன் வாங்க முடிகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். ஆஸ்டெரிக்ஸ் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு இரட்டிப்பு. தெரியாதவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே கேமில் இன்னொன்று. ஒரு மந்திரவாதி தன் கோபுரத்தின் பாதுகாப்பு மந்திரத்தில் தானே மாட்டிக்கொள்கிறான். அந்த மந்திரத்தின் நீளமான பெயரில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் டிஆர்எம் என்று வரும். காசு கொடுத்து வாங்கிய கேமையே திறக்க விடாமல் படுத்தும் பூட்டு மென்பொருளின் பெயர் அது. அதை உடைக்கும் மந்திரப் புத்தகத்தின் பெயரைச் சுருக்கினால் ஜிஓஜி. அப்படிப்பட்ட பூட்டு இல்லாமல் கேம் விற்கும் கடையின் பெயர். அந்த கேம் வந்தபோது அது சிடி புராஜெக்ட் நிறுவனத்தின் சொந்தக் கடையாகவும் இருந்தது! இதில் கொஞ்சம் சுயவிளம்பரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்களை மாதிரி ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். டிஆர்எம் தெரியாதவர்களுக்கும், தான் வைத்த பூட்டில் தானே மாட்டிய மந்திரவாதி வேடிக்கையாகத்தான் இருப்பான்.

என் அளவுகோல் இதுதான். மூலம் தெரியாவிட்டாலும் காட்சி தன் காலில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் அது நகைச்சுவை. நிற்காவிட்டால், "நீ எங்க ஆளா?" என்று கேட்கும் நுழைவுத் தேர்வு.

கட்டியங்காரன் சொல்லிக்கொடுத்தது

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடையைக் கிண்டல் செய்வான், உள்ளூர் பிரமுகரை இழுப்பான், நேற்று வந்த சினிமாவைப் பற்றிப் பேசுவான். மகாபாரதம் கலைந்துபோய்விட்டது என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஏனென்றால் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருக்கும் பாட்டியும் சிரிக்கிற மாதிரிதான் அவன் பேசுவான். புரியவில்லை என்று தெரிந்தால் அங்கேயே ஜோக்கை மாற்றிவிடுவான்.

2006-ல் வந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' படத்திலும் அப்படித்தான். ஆங்கிலேயர் காலத்து ராஜா கதை. அதில் 'அக்காமாலா', 'கப்சி' என்று இரண்டு குளிர்பானங்கள் வரும். எந்த கம்பெனிகளைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாவிட்டாலும், காசுக்காக எதற்கு வேண்டுமானாலும் விளம்பரம் செய்யும் ராஜா சிரிப்புதான். அதில் ஒரு விமர்சனமும் இருந்தது. அதனால்தான் இன்றும் நிற்கிறது.

நம் முறை

2024 ஆகஸ்டில் சீனாவிலிருந்து 'பிளாக் மித்: வூகாங்' வந்தது. ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். சீனர்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்துவந்த 1986-ம் வருஷத்து டிவி தொடரின் இசையைக்கூட அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த இசையைக் கேட்டதும் அவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எனக்கு அது நல்ல இசை, அவ்வளவுதான். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை. சண்டையும் கதையும் என்னை உள்ளே விட்டன. யார் இந்தக் குரங்கு வீரன் என்று நானே தேடிப் படித்தேன்.

நம்மிடமும் ஒரு உதாரணம் இருக்கிறது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பூதமும் கிடையாது, வாளும் கிடையாது. கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துச் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். நமக்கு அம்மாவின் அடுப்படி ஞாபகம் வரும். இட்லியையே பார்க்காத ஒருவர் யோசித்துக் கண்டுபிடிப்பார். தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாடல்களும் அப்படித்தான் அதில் ஒலிக்கின்றன. அடிக்குறிப்பு போட்டு விளக்கவும் இல்லை, தெரியாதவரை ஒதுக்கவும் இல்லை. அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் கேம் உருவாக்கும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாதே என்று பயந்து நம் கிண்டலை வெட்டி எறியாதீர்கள். மான்டி பைதான் காரர்கள் நமக்குப் புரியுமா என்று யோசித்து எழுதவில்லை. இரண்டு, வடிவேலு முகத்தை ஒரு மூலையில் ஒட்டிவிட்டால் தமிழ் கேம் ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். தெரிந்தவன் விசில் அடிப்பான், அத்தோடு சரி. பத்து வருஷம் கழித்து ஹாரிஸ் பில்டன் கதைதான்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். தமிழே தெரியாத ஒரு நண்பரை விளையாட வையுங்கள். இங்கே ஜெர்மனியில் பிறந்து வளரும், நம் படங்களை அதிகம் பார்க்காத நம் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள்தான் உண்மையான சோதனை. அந்த இடத்தில் அவர்களுக்கும் சிரிப்பு வந்து, "இது எங்கேருந்து வந்தது?" என்று அவர்களாகவே கேட்டால் ஜோக் வேலை செய்கிறது. முழித்தால், நீங்கள் கேட்பது ஏ38.