உழைப்பாளர் சிலையைச் செய்த வாத்தியார்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து சென்னைக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்பு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். செய்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் பிறந்தவர். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1850-ல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-ல் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1957 வரை அங்கேதான் இருந்தார்.

வரலாற்றைச் சிலையாக்கியவர் அவர். 1942 ஆகஸ்டில் பாட்னாவில் கொடியேற்றப் போய்த் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான 7 மாணவர்களுக்கு நினைவுச் சிலை செய்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-ல் வந்தது. அதில் ராஜாவும் இல்லை, தலைவரும் இல்லை. பாறையை நெம்பும் 4 பேர்தான்!

ஆனால் சிலைகளைவிடப் பெரிய சொத்து அவருடைய மாணவர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் இருவரும் அவரிடம் படித்து, பின்னாளில் அதே கல்லூரிக்கு முதல்வரானவர்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது பணிக்கரால்தான். ஒரு வாத்தியார் போட்ட முதலுக்கு எத்தனை வட்டி பாருங்கள்!

பனமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியம் இருக்கும் மாவட்டம் விழுப்புரம். இங்கேயும் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தையாவது பிள்ளைகளிடமே விட்டுவைக்க வேண்டும். அடுத்த சிலையைச் செய்யப் போகிறவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.