சோலை வரித் துண்டை ஒருமுறை முழுசாக வாசிப்போம்



சோலை வரித் துண்டு வந்தால் எங்களில் அநேகமானோர் பார்ப்பது கடைசியில் இருக்கும் தொகையை மட்டும்தான். "இவ்வளவா?" என்று கேட்டுவிட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவோம். பிறகு நிலுவைக் கடிதம் வந்ததும் கவுண்டரில் நின்று சத்தம் போடுவோம்.

கணக்கு கஷ்டமானதல்ல. எங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று விலை மதிப்பீட்டுத் திணைக்களம் மதிப்பிடுகிறது. அதுதான் ஆண்டுப் பெறுமதி. வீட்டை விற்கும் விலை அல்ல. அதில் எத்தனை வீதம் வரி என்பது சபைக்குச் சபை வேறுபடும். உதாரணத்துக்கு, ஆண்டுப் பெறுமதி 30,000 ரூபா, வரி 6 வீதம் என்றால் வருடத்துக்கு 1,800 ரூபா, காலாண்டுக்கு 450 ரூபா. மாநகர சபைப் பகுதியில் ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு போக 1,620 ரூபாதான். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் அந்தக் காலாண்டுக்கு 5 வீதக் கழிவு. எங்கள் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடும் கணக்கு இது.

பெறுமதி பிழை என்றால்? மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது, அதில் குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். உடைத்த அறையையும் சேர்த்திருக்கிறார்களா, பக்கத்தில் அதே மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை போகிறது என்று காரணத்தோடு எழுத வேண்டும். கேட்க வேண்டிய அந்த ஒரு மாதத்தில் நாங்கள் வாய் திறப்பதில்லை. பிறகு வருடக்கணக்காகக் குறை சொல்கிறோம்.

"குப்பையே ஒழுங்காக எடுக்கிறார்களில்லை, ஏன் கட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கட்டாமல் விட்டால் சபைக்கு வலிப்பதில்லை. நிலுவை எங்கள் வீட்டின் மேலேயே ஏறுகிறது, வாரண்டுச் செலவும் சேர்கிறது. கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் கேள்விக்குப் பலம்.

இன்னொன்று. எங்கள் ஊர்களில் வீடு மகளுக்குப் போகிறது. வாப்பா வளவைப் பிரித்து மூன்று பிள்ளைகளுக்கும் உறுதி எழுதிக் கொடுத்திருப்பார். சபைப் பதிவேட்டிலோ இன்னும் வாப்பாவின் பெயரும் ஒரே இலக்கமும்தான். "அவள் கட்டுவாள்" என்று இவளும், "இவள் கட்டுவாள்" என்று அவளும் இருந்துவிடுவார்கள். வரி ஆளைப் பிடித்து நிற்பதில்லை, வளவைப் பிடித்து நிற்கிறது. கடைசியில் வீட்டை விற்க, வங்கிக்கு வைக்கப் போகும்போதுதான் எல்லோருக்கும் தெரியவரும். எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. காசைவிட, சகோதரிகளுக்கிடையில் வந்த மனஸ்தாபம்தான் பெரிய நட்டம்.

ஜனாஸாவில் நின்று, "மர்ஹூமுக்குக் கடன் இருந்தால் பிள்ளைகள் நாங்கள் பொறுப்பு" என்று சொல்கிறோம். அந்த வீட்டின் நிலுவை அப்போது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

அதனால் இந்தக் கிழமை அலுமாரிக்கு மேல் இருக்கும் துண்டை எடுப்போம். யாருடைய பெயர், என்ன ஆண்டுப் பெறுமதி, எவ்வளவு நிலுவை, இந்த மூன்றையும் பார்ப்போம். உறுதி எங்கள் பெயரில் இருந்தால் பிரதியோடு போய்ப் பெயரை மாற்றுவோம். வாப்பாவும் உம்மாவும் உயிரோடு இருக்கும்போதே செய்து முடித்தால், பிறகு யாரும் யாரோடும் முகம் சுளிக்கத் தேவையில்லை.