கேமரா முன்னாடி நிற்க பெண் அதிகாரி வேணும்; பென்ஷன் கொடுக்க மட்டும் மனசு வராதா?



2025 மே 7. ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்க டெல்லியில் பத்திரிகையாளர் சந்திப்பு. வெளியுறவுச் செயலாளரோடு கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் உட்கார்ந்து பேசினார்கள். அன்றைக்கு முழுக்க சேனலுக்குச் சேனல் 'நாரி சக்தி' பஜனைதான். அந்த இரண்டு அதிகாரிகளைப் பார்த்து நமக்கும் பெருமைதான், அதில் சந்தேகமே இல்லை.

சரியாக இரண்டே நாள் கழித்து, மே 9. அதே டெல்லி, உச்ச நீதிமன்றம். குறுகிய காலப் பணியில் சேர்ந்து, நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட ராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கு. ஒன்றிய அரசின் வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? ராணுவம் இளமையாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு 250 பேருக்குத்தான் நிரந்தரப் பணி கொடுக்க முடியும் என்றார். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவர்களை வெளியே அனுப்பாதீர்கள், அடுத்த விசாரணை வரை பணியில் இருக்கட்டும் என்று நீதிபதிகள்தான் நிறுத்தி வைத்தார்கள்.

டிவியில் நாரி சக்தி. கோர்ட்டில் 'வீட்டுக்குப் போ'. ரெண்டும் ஒரே அரசு, ஒரே வாரம்!

இன்னொரு கூத்தும் அதே மாதம் நடந்தது. மத்தியப் பிரதேச பாஜக அமைச்சர் ஒருவர், கர்னல் குரேஷியை பயங்கரவாதிகளின் சகோதரி என்று பொருள்படும்படி பொதுமேடையில் பேசினார். வழக்குப் பதிவு செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து உத்தரவு போட வேண்டியிருந்தது. சீருடையில் இருக்கும் பெண்ணுக்கு இவங்க கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், பிரிவு 12: ஒன்றிய அரசு தனியாக அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெங்கும் பெண்களை ராணுவத்தில் சேர்க்கக் கூடாது. நர்ஸாக வா, டாக்டராக வா, அதோடு சரி. 1992இல்தான் மற்ற சில பிரிவுகளில் அதிகாரியாகச் சேர கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், அதுவும் ஐந்தே வருஷத்துக்கு. அந்த முதல் அணி பயிற்சி எடுத்து 1993 மார்ச்சில் வெளியே வந்தது நம்ம சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ.விலிருந்துதான். பிறகு ஐந்து வருஷம் நீண்டு நீண்டு பதினான்கு வருஷமானது.

இந்தப் பதினான்கு என்ற எண்ணைக் கவனியுங்கள், சூட்சுமமே அங்கேதான். ராணுவ அதிகாரிக்கு பென்ஷன் வேண்டுமென்றால் இருபது வருஷம் பணி முடிக்க வேண்டும். பதினான்கில் அனுப்பிவிட்டால் பென்ஷன் கிடையாது. இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசில் சேர்ந்தவர் முப்பத்தெட்டு வயசில், பிள்ளைகள் ஸ்கூலில் படிக்கும்போது வெளியே நிற்பார். அவரோடு அதே குறுகிய காலப் பணியில் சேர்ந்த ஆண் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். 2020 வரை பெரும்பாலான பிரிவுகளில் பெண்ணுக்கு விண்ணப்பிக்கும் உரிமையே இருக்கவில்லை. தகுதியில்லை என்று கழித்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். இங்கே தகுதியைப் பார்க்கவே மறுத்தார்கள்.

2010 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி கொடு என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குப் போனது யார்? அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு. அதைக் கைவிடாமல் நடத்தியது யார்? அடுத்து வந்த பாஜக அரசு. தீர்ப்புக்குத் தடை எதுவும் இல்லை என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும் பத்து வருஷம் அமல்படுத்தவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை பேர் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

கடைசியில் 2020இல் உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்களாம், பெண் கட்டளையிட்டால் ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லையாம். கர்ப்பம், குழந்தை, குடும்பம் என்று பெண்களுக்கு ஆயிரம் கடமை இருக்கிறதாம்.

நம்ம கிராமத்துக்காரனை இதைவிட யாரும் கேவலப்படுத்த முடியாது. நூறு நாள் வேலையில் பெண் பணிதளப் பொறுப்பாளர் சொன்ன இடத்தில் மண் வெட்டுகிறவன் அவன். பெண் பஞ்சாயத்துத் தலைவரிடம் மனு கொடுக்கிறவன் அவன். பெண் கலெக்டர், பெண் எஸ்.பி.க்கு சல்யூட் அடிக்கும் கான்ஸ்டபிளும் கிராமத்துப் பையன்தானே? மனநிலை மாறாதது கிராமத்திலா, டெல்லி ஏ.சி. அறையிலா?

2020 பிப்ரவரி 17 தீர்ப்பு இதையெல்லாம் பழைய ஆணாதிக்க வார்ப்பு என்று தள்ளியது. பெண்கள் செய்த சாதனைகளை வரிசையாகப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர், 2016இல் பன்னாட்டு ராணுவப் பயிற்சியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய சோஃபியா குரேஷி. ஆமாம், அவரேதான். எந்த அதிகாரியை முன்னுதாரணமாகக் காட்டி நீதிமன்றம் அரசின் வாதத்தை உடைத்ததோ, அவரையே ஐந்து வருஷம் கழித்து கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள்.

அடுத்த மாதமே கடற்படை வழக்கு. அங்கே சொன்ன காரணம், ரஷ்யாவில் கட்டிய சில கப்பல்களில் பெண்களுக்குக் குளியலறை இல்லையாம். பல ஆயிரம் கோடி கொடுத்து கப்பல் வாங்கத் தெரிகிறது, ஒரு பாத்ரூம் கட்டத் தெரியாதா?

சரி, தீர்ப்பு வந்தாச்சே, பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? அதற்கப்புறம் செய்ததுதான் உள்ளடி வேலை. நிரந்தரப் பணிக்குத் தேர்வு என்று சொல்லி, நாற்பது ஐம்பது வயதை நெருங்கும் பெண்களுக்கு இளைஞர்களுக்கான முழு உடல்தகுதி வைத்தார்கள். அவர்களோடு சேர்ந்த ஆண்களுக்கு அந்தச் சோதனை ஐந்தாவது அல்லது பத்தாவது வருஷத்திலேயே, உடம்பில் தெம்பு இருந்த வயசிலேயே முடிந்துவிட்டது. பெண்களுக்கும் அப்போதே நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. யார் தப்பு? ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கையிலும் இதே கதைதான். 'இந்தம்மா எப்படியும் பதினாலு வருஷத்தில் போயிடப் போறாங்க' என்ற நினைப்பில் மேலதிகாரி ஏனோதானோவென்று மார்க் போட்டிருப்பார். அந்த மார்க்கையே வைத்து இப்போது தராசில் நிறுத்தினார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இது அமைப்பே செய்யும் பாகுபாடு என்று சொல்ல வேண்டி வந்தது.

அதே வருஷம் என்.டி.ஏ. வழக்கு. பிளஸ் டூ முடித்த பையன் தேர்வு எழுதலாம், பொண்ணு எழுதக் கூடாது. நீதிமன்றம் எழுத விடு என்றது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அரசு இழுத்தது. முடியாது, இந்த நவம்பரே என்று நீதிமன்றம் பிடித்த பிடியில்தான் கதவு திறந்தது. அந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து அணிவகுத்தார்கள்.

2025 ஆகஸ்ட் தீர்ப்பு அதைவிடப் பச்சை. ராணுவச் சட்டப் பிரிவில் 9 இடங்கள், ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3. தேர்வான ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண்கள் வெளியே நின்றார்கள். இட ஒதுக்கீடு என்றாலே 'மெரிட், மெரிட்' என்று கூப்பாடு போடும் கூட்டம் இங்கே எங்கே போச்சு?

நர்ஸிங் பிரிவின் கதை தனி. கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988இல் ஒரு பெண் லெப்டினன்டை வேலையிலிருந்து அனுப்பினார்கள். மாப்பிள்ளையும் ராணுவ அதிகாரிதான், அவர் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை! அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடு என்று உத்தரவு வந்தது 2024 பிப்ரவரியில். முப்பத்தாறு வருஷம்.

நம்ம தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: போரை எதிர்க்கும் நாம் பெண்களை ராணுவத்தில் சேர் என்று ஏன் கத்த வேண்டும்? போர் வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் ராணுவம் இருக்கிறது, மக்கள் வரிப்பணத்தில் இருக்கிறது. அதில் சம்பளம், பதவி, பென்ஷன், முடிவெடுக்கும் அதிகாரம் எல்லாம் இருக்கிறது. பாதி ஜனத்தொகையை அந்த வாசலில் நிறுத்தி வைத்தால் போர் ஒன்றும் குறையப் போவதில்லை.

'உடல் பலம்' என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தளர்வு கேட்கவில்லை. வேலைக்கு என்ன அளவுகோல் தேவையோ அதை வையுங்கள், யார் தாண்டுகிறார்களோ எடுங்கள். போர் விமானம் 2016லிருந்து பெண்கள் ஓட்டுகிறார்கள். பீரங்கிப் படைக்கு 2023இல் ஐந்து பெண் அதிகாரிகள் போனார்கள், அதுவும் பரங்கிமலையிலிருந்து. காலாட்படைக்கும் கவசப் படைக்கும் மட்டும் சோதித்துப் பார்க்காமலேயே 'முடியாது' என்றால் அது எந்த ஊர் நியாயம்?

ஜனவரி 3 வந்தால் வேலுநாச்சியாருக்கு டெல்லியிலிருந்து தமிழில் வாழ்த்து வருகிறது. நல்லது. 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். அந்தப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள் பலர் அதில் உண்டு. பெண் கட்டளை போட்டால் படை நடக்குமா என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

ஒன்றிய அரசிடம் நம் கட்சி கேட்பது இதுதான். நிரந்தரப் பணிக்காக நீதிமன்றத்தில் நிற்கும் பெண் அதிகாரிகளுக்கு எதிரான வாதங்களைத் திரும்பப் பெறு. 2010 தீர்ப்பை அமல்படுத்தாமல் வெளியே அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பென்ஷன் கொடு. காலாட்படை உட்பட எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு, ஒரே அளவுகோல் வை. அடுத்த கூட்டத்தொடரில் நம் எம்.பி.க்கள் இதைக் கேட்பார்கள். அதற்குள் இந்தப் பதிவை ஓ.டி.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் ஊர்த் தங்கச்சிக்கு அனுப்பி வையுங்கள், தோழர்களே.

#பதினான்கு_வருஷம்_போதாது
#பெண்_அதிகாரிக்கும்_பென்ஷன்